வயலில் நட்ட கம்பியில்லா உணர்கருவிகளும் அவற்றின் நிரற்பிழைகளை அறியும் முறையும்

உருளைக்கிழங்கைத் தாக்கும் கருகல் நோய், 1845-ஆம் வருஷத்தில் அயர்லாந்தில் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குக் காரணமாயிற்று. இலைகளினிடையே ஈரம் தங்கி நிற்கும் காலத்திலேயே இந்நோய் விரைந்து பரவும். உஷ்ணநிலை 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமலும், காற்றின் ஈரப்பதம் தினந்தோறும் 11 மணி நேரமாவது 90 சதவிகிதத்துக்குக் குறையாமலும் தொடர்ந்து இரண்டு நாள் இருப்பின் அபாயம் என்னும் விதி, பிரிட்டனில் 1956 முதல் நெடுங்காலம் வழங்கிவந்தது. ஆகவே ஈரத்தை ஓயாது அளந்தறிவிக்கும் கருவி பயிரினிடையே இருத்தல் மிக்க அநுகூலமாம்.

இக்கருத்துடன் 2005-ல் ஹாலண்டு தேசத்து வயலொன்றில் சுமார் நூறு சிறு கருவிகள் நடப்பட்டன. ஒவ்வொன்றும் தன் அளவை அயற்கருவிக்கு ரேடியோ மூலம் அனுப்ப, அது கைமாறிக் கைமாறித் தலைமைக் கணிப்பொறியை அடையவேண்டும். ஆனால் எதிர்பார்த்த செய்திகளில் சுமார் 2 சதவிகிதமே வந்துசேர்ந்தன. நிரல் தடுமாறி நின்றால் கருவியை மறுபடி தொடங்கிவைக்கும் காவற்கடிகாரம் அவற்றில் உண்டு. பெரும்பாலான கருவிகள் 2 முதல் 6 மணி நேரத்துக்கொருமுறை இவ்வாறு புதிதாகத் தொடங்கின. அதனால் அயற்கருவிகளின் ஜாபிதா செல்லாததாகி, செய்தி செல்லும் வழியும் குலைந்தது. நிரல்தான் தடுமாறிற்றா, காவற்கடிகாரமே பிழைசெய்ததா என்பது நிச்சயமாகவில்லை. 11 மணி நேர ஈரத்தைக் கணக்கிடவேண்டிய இடத்தில் 6 மணிக்குள் கணக்கு அறுமாயின், அதை நம்பி மருந்து தெளிப்பது எங்ஙனம்? செய்தி வராமையை ஈரமின்மையாகக் கொள்வது பயிருக்கே கேடாகும்.

செய்தி வராத காரணத்தைக் கணிப்பொறியே ஆராயும்படி, அதே 2005-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை அறிஞர் 'சிம்பதி' என்னும் ஏற்பாட்டை வெளியிட்டனர். இது வைத்தியர் நாடி பார்ப்பதை ஒக்கும். ஒவ்வொரு கருவியும் தான் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று, தன் அயலிலுள்ளவை எவை, எவ்வழியே அனுப்புகிறது என்பவற்றைக் காலந்தோறும் தெரிவிக்கும். வரவு குறைந்தவுடன் தலைமைக் கணிப்பொறி வினவத் தொடங்கும். அக்கருவியின் குரலை அயலில் ஏதேனும் கேட்டதா? கேட்கவில்லையெனில் அது ஓய்ந்ததென்று கொள்ளும். ஓடிய நேரம் திடீரெனக் குறைந்ததா? அது மறுபடி தொடங்கியிருக்கிறது. அயல் உண்டா, வழி உண்டா என்று மேலும் வினவி, குற்றம் கருவியிலா, இடைவழியிலா, தலைமையிடத்திலா எனத் தீர்மானிக்கும். இடையிலுள்ள ஒன்று கெட்டால் அதன் பின்னுள்ள பலவும் கெட்டனபோலத் தோன்றும். மூலக்குற்றத்தைப் பிரித்துக்காட்டுவதே இதன் பெருஞ் சிறப்பு.

எனினும் நிரலின் எப்பகுதி பிழை என்பதை இது சொல்லாது. அதற்கு 2008-ல் இல்லினாய் சர்வகலாசாலையார் 'டஸ்ட்மைனர்' முறையை வகுத்தனர். கருவிகள் எழுதிவைத்த நிகழ்ச்சிக்குறிப்புகளில், நன்றாக ஓடிய காலத்தையும் கெட்ட காலத்தையும் ஒப்பிட்டு, கெட்ட காலத்தில் மாத்திரம் அடிக்கடி காணும் நிகழ்ச்சித்தொடர்களைக் கணிப்பொறியே பொறுக்கி எடுக்கும். குறிப்பெழுதுவதும் மின்கலத்தைச் செலவழிக்குமாதலால், எவ்வளவு எழுதுவதென்பதைக் கருவிகளை நடுமுன்னரே வரையறுத்துக்கொள்ளல் வேண்டும்.