சுரங்கத்தில் வளர்ந்த வீரர்

பிரான்சு நாட்டின் வடபகுதி நிலக்கரிச் சுரங்கங்கள் மலிந்தது. அங்குப் பிழைப்பு நாடிக் குடியேறிய போலந்துக் குடும்பம் ஒன்றில், 1931ஆம் ஆண்டு ரேமண்ட் கோப்பா பிறந்தார். கோப்பசெவ்ஸ்கி என்னும் குடும்பப் பெயரே பின்னாளில் கோப்பா எனச் சுருங்கிற்று.

பதினான்காம் வயதிலேயே அவர் சுரங்கத்துள் இறங்கினார். ஆங்கு நேர்ந்த விபத்தில் இடக்கை விரலொன்றை இழந்தார். ஆயினும், கால்பந்தின்மேல் அவர் கொண்ட பற்றுத் தளர்ந்திலது. குட்டையான உருவினராயினும், பந்தைக் காலோடு ஒட்டினாற்போல் நடத்தி, எதிரணியினரைக் கடந்து செல்வதில் வல்லவரானார். 1951இல் ரீம்ஸ் கழகத்திலும், 1956இல் ஸ்பெயின் நாட்டு ரியல் மாட்ரிட் கழகத்திலும் சேர்ந்தார். மாட்ரிட் அணியினருடன் மூன்று முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றார். 1958இல் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப்பந்து விருதையும் பெற்றார்.

புகழ் வந்தபின்னும் அவர் உடன் உழைப்போரை மறந்தாரல்லர். அந்நாளில் பிரான்சு நாட்டு ஆட்டக்காரர் முப்பத்தைந்து வயதுவரை ஒரே கழகத்திற்குக் கட்டுண்டிருந்தனர். கழகத்தார் இசைவின்றி வேறிடம் செல்ல இயலாது. 1963இல் கோப்பா, இஃது அடிமை வாழ்வே என்று வெளிப்படையாக உரைத்தார். அதற்காகத் தண்டனையும் விதிக்கப்பெற்றார். எனினும் அவர் குரல் வீண்போகவில்லை. 1969இல் குறித்த காலத்திற்கு மட்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளும் முறை அங்கு ஏற்பட்டது.

2017இல் கோப்பா மறைந்தார். ஆட்டத்திறன் அவருக்குப் பெயரைத் தந்தது. பிறர் உரிமைக்காக அஞ்சாது பேசிய நெஞ்சுரமோ அப்பெயருக்குப் பெருமை தந்தது.