சுருள்வில்லும் அதன் துணையும்

சக்குபள்ளத்தில் மோட்டார் வண்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஜீப்புதான். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஆட்களை ஏற்றிவரும் பழைய ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்தவர்கள் கமான் பட்டைகளைக் கண்டிருப்பர். வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அவை ஒன்றோடொன்று உராய்கின்றன. அவ்வுராய்வே வண்டியின் குதிப்பை ஓரளவு அடக்கிவிடும்.

சுருள்வில்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதனுள் உராய்வு மிகக் குறைவு. ஒருமுறை அமுக்கி விட்டால் வெகுநேரம் ஆடிக்கொண்டேயிருக்கும். ஆதலின் அதற்கு ஒரு துணை வேண்டும். எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே பிதுக்கி, ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றும் தணிப்பானே அத்துணை. பட்டறைக்காரர் அதை 'ஷாக்' என்பர். இவ்விரண்டையும் ஒரே தண்டில் சேர்த்து, வில்லைத் தாங்கும் வளையத்தை மரைவழியே ஏற்றவும் இறக்கவும் வகை செய்தால் அதுதான் 'காயில் ஓவர்'. பந்தயக் கார்களில் இதனைக் காணலாம்.

என் அண்ணன் பழைய மாருதி 800 ஒன்றைப் பந்தயத்தளத்திற்கென்றே ஆயத்தம் செய்து வருகிறார். கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அதை ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. மாருதி இயந்திரத்தைக் கொண்டே பந்தயக் கார்களைச் சமைத்த கோவை கரிவரதனின் பெயரைத் தாங்கிய தளம் அது. காரை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவோம். உற்பத்தியாளர் குறித்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டினால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

முன்சக்கரங்களுக்கான காயில் ஓவர் இரண்டும் வந்து சேர்ந்தன. பெட்டியின்மேல் '4 கிலோ' என்று எழுதியிருந்தது. வில்லை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 4 கிலோ எடை வேண்டும் என்பது அதன் பொருள். அண்ணன் வளையத்தைத் திருகிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை இறுக்க இறுக்க ஸ்பிரிங்கு கெட்டியாகும்ல?" என்றார். பலரும் அப்படித்தான் எண்ணுகின்றனர். ஆனால் அது பிழை.

1678இல் இராபர்ட் ஹூக் விளக்கிய விதியை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். விசைக்கு ஏற்பவே நீட்சியும் சுருக்கமும். எங்கள் காரின் முன்மூலை ஒவ்வொன்றும், ஓட்டுநரோடு சேர்த்து, சுமார் 200 கிலோ சுமக்கிறது. 4 கிலோ வில் அதற்கு 5 செ.மீ. அமுங்கியே தீரும். வளையம் எங்கே இருந்தாலும் இந்த 5 செ.மீ. மாறாது. வளையத்தை ஒரு செ.மீ. ஏற்றினால் காரும் ஏறத்தாழ ஒரு செ.மீ. உயரும். விறைப்பு அணுவளவும் கூடாது.

பழைய வில்லின் விறைப்பை அறிய எங்களிடம் கருவி ஏதுமில்லை. அதைக் கழற்றிய பின் தரையில் நிறுத்தி, மேலே பலகை வைத்து, 50 கிலோ உர மூட்டை ஒன்றை ஏற்றினோம். 27 மி.மீ. இறங்கிற்று. மற்றொரு மூட்டைக்கு மேலும் 27. அஃதாவது மில்லிமீட்டருக்குச் சுமார் 1.85 கிலோ. 200 கிலோவிற்கு ஏறக்குறைய 11 செ.மீ. அமுங்கும்.

இந்த அமுக்க அளவு தெரிந்தால் போதும். அதன் வர்க்கமூலத்தைக் கொண்டு 5ஐ வகுத்தால், கார் நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது கிடைக்கும். காரின் எடைகூடத் தனியே வேண்டியதில்லை! 11 செ.மீ.க்கு நொடிக்கு 1.5 ஆட்டம், சாதாரணப் பயணக் கார்களின் அளவு இது. 5 செ.மீ.க்கு 2.2. பந்தயத்தளத்தின் சமமான தரைக்கு அது தகும். குமுளிச் சாலைக்குத் தகாது.

விறைத்த வில்லைப் பழைய ஷாக்கின்மேல் ஏற்றினால் என்ன ஆகும்? தணிப்பின் விகிதம் விறைப்பின் வர்க்கமூலத்தால் குறையும். இங்கே 0.3 இருந்தது 0.2 ஆகிவிடும். வில் கெட்டியாகியும் கார் அடங்குமுன் முன்னிலும் அதிக முறை ஆடும். வளைவில் டயர் தரையைச் சரியாகப் பற்றாது. பணம் மிச்சம் என்று பழைய வில்லை அறுத்துக் காரைத் தாழ்த்துவோருக்கும் இதே கதிதான். சுற்றுகள் குறையக் குறைய எஞ்சிய வில் விறைக்கும்.

இனி, எழுதக் கூச்சமாயிருப்பதையும் எழுதிவிடுகிறேன். புதியதைப் பூட்டுவதற்குப் பழைய தண்டின் தலையிலுள்ள தாங்கியைக் கழற்றி எடுக்க வேண்டியிருந்தது. இரவல் வாங்கிய இரண்டு கொக்கித் திருகுகளால் வில்லைச் சுருக்கினோம். கொக்கிகள் நேரெதிராக இல்லை. நடு நட்டு பாதி கழன்றபோது ஒன்று நழுவிற்று. தாங்கி எகிறி, அண்ணனின் காதோரம் போய், தகரச் சுவரில் அறைந்தது. சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகுதான் நான் கணக்குப் போட்டேன். 15 செ.மீ. சுருங்கிய அந்த வில்லில் 200 ஜூல் இருந்தது. 10 கிலோ கல் 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு அது சமம். பௌதிகம் படிக்கிற நான் அந்தப் பெருக்கலை நட்டைத் தொடுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

மறுநாள் முறையாகச் செய்தோம். கொக்கிகளை நேரெதிரே மாட்டி, மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, வில் தன் இருக்கையில் தளர்ந்து சுழன்ற பிறகே நடு நட்டில் ஸ்பானரை வைத்தோம். தண்டின் நேர்க்கோட்டில் தலையை வைக்கவில்லை. எங்கள் வீட்டு முற்றம் சரிவானது. ஆகையால் பக்கத்து ஏலக்காய் ஸ்டோரின் சிமெண்டுத் தளத்திற்குக் காரைத் தள்ளிச் சென்றிருந்தோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்புத் தாங்கிகளின்மேல் காரை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். கழற்றுமுன் அடிப் போல்ட்டுகள் இருந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டோம். பிரேக் குழாய் தொங்கி இழுபடாதவாறு கட்டி வைத்தோம்.

மற்றவை எளிது. ஆனால் ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரம் தரையில் நின்று காரின் எடை இறங்கிய பிறகே முடிவாக இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று விரைவில் கிழியும். உயரத்தை மரைகளை எண்ணிச் சரிசெய்யலாகாது. சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை இருபுறமும் டேப்பால் அளக்க வேண்டும். கார் தாழ்ந்தால் சக்கரங்களின் கோணமும் மாறும். வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும்.

எல்லாம் முடிந்து முன்புறத்தை ஓங்கி அமுக்கி விட்டோம். ஒருமுறை எழுந்து, சற்றே தாழ்ந்து, நின்றுவிட்டது. பின்புறத்தில் இன்னும் பழைய ஷாக்குகள்தாம். அமுக்கினால் மூன்று முறை ஆடுகிறது. அடுத்த விடுமுறைக்கு அந்த வேலை இருக்கிறது. இம்முறை கொக்கித் திருகுகளை அண்ணன் புதிதாகவே வாங்கிவிட்டார்.