பூட்டுக்குள், இல்லையேல் இடுப்பில்

அன்புள்ள கயல்,

எந்தக் கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தாய். இரவு வேலை முடிந்து, மருந்துக்கடைக்குப் பின்னால் கார் நிற்கும் இடம்வரை தனியாக நடக்கிற பெண்ணின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வாங்காதே என்று தடுக்கவும் இதை எழுதவில்லை. உனக்கு வயது 23. கிரீன் கார்டும் கைக்கு வந்துவிட்டது. டெக்சாஸில் அந்த உரிமை உனக்கு உண்டு. ஆனால் எதை வாங்குவது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். வாங்கிய பிறகு, பகலிலும் இரவிலும், நீ குளிக்கும்போதும் தூங்கும்போதும் அது எங்கே இருக்கும் என்று முதலில் எனக்குச் சொல்.

தோட்டா நிரப்பிய துப்பாக்கிக்கு இரண்டே இடம்தான் உண்டு. ஒன்று, உன் உடம்போடு சேர்ந்த ஹோல்ஸ்டர் என்ற உறை. மற்றது, பூட்டிய பெட்டி. தலையணைக்கு அடி, மேசை டிராயர், கைப்பை, கார் டாஷ்போர்டு, அலமாரியின் மேல்தட்டு எல்லாமே மூன்றாவது இடம். அந்த மூன்றாவது இடத்தில் ஒரு நிமிடம்கூட வைக்க மாட்டேன் என்று உறுதி சொல்ல முடிந்தால் மேற்கொண்டு படி.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். இருந்தாலும் நீ உரிமம் எடுத்துவிடு. 4 முதல் 6 மணி நேர வகுப்பு, 50 தோட்டா சுட்டுக்காட்டும் தேர்வு, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. மாநில உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு, உரிமம் இல்லாமல் சுமப்பவருக்கு அந்த விலக்கு இல்லை. நீ இருக்கும் சுகர்லேண்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டாமல் எந்தத் தெருவில் கார் ஓட்டுவாய்?

இன்னொன்று, நம்மவர்களில் பலர் அறியாதது. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. உன் அக்கா வீட்டுக்காரர் இன்னும் எச்-1பியில்தானே இருக்கிறார்? ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். பெட்டியின் எண்ணை அவரிடம் சொல்லாதே. பார்க்கத்தானே கேட்கிறார் என்று கையிலும் கொடுக்காதே.

இனி ஹோல்ஸ்டர். பிளாக்ஸிகோ பர்ரஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் 2008 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஆட்டத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு வெற்றி தேடித்தந்த பந்தைப் பிடித்தவர். அதே ஆண்டு நவம்பரில், தொளதொளத்த கால்சட்டையின் இடுப்பில் ஒரு கிளாக் பிஸ்டலை வெறுமனே செருகிக்கொண்டு மன்ஹாட்டனில் ஓர் இரவு விடுதிக்குப் போனார். அது நழுவியது. பிடிக்கப் போன வேகத்தில் வெடித்துத் தோட்டா அவர் தொடையிலேயே பாய்ந்தது. நியூயார்க்கில் உரிமம் இல்லாததால் 2 ஆண்டு சிறைத்தண்டனையும் கிடைத்தது. இடுப்பில் ஒரு ஹோல்ஸ்டர் இருந்திருந்தால் அந்தத் துப்பாக்கி நழுவியே இருக்காது.

இந்த வகைப் பிஸ்டலின் உள்ளமைப்பை நீ புரிந்துகொள்ள வேண்டும். கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புக் குமிழ் இதில் கிடையாது. தானாக இயங்கும் மூன்று தடைகள் இருக்கின்றன. கீழே விழுந்தால் வெடிக்காமல் அவை காக்கும். ஆனால் டிரிகர் முழுதாக அழுந்தியதும் மூன்றும் விலகிக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். அழுத்தியது உன் விரலா, சட்டை நுனியா, ஜாக்கெட்டின் இழுகயிற்று முடிச்சா என்று அந்த இயந்திரம் அறியாது. கையிலிருந்து நழுவினால் விழட்டும், பாய்ந்து பிடிக்காதே. நல்ல நிலையில் உள்ள நவீனத் துப்பாக்கி தரையில் விழுந்து வெடிப்பது அரிது. பிடிக்கப் போகும் விரல் டிரிகரில் மாட்டுவது அப்படி அரிதில்லை.

அதனால் ஹோல்ஸ்டர் வாங்குவதில் காசு பார்க்காதே. உன் துப்பாக்கியின் மாடலுக்கென்றே வார்த்ததாக, கைடெக்ஸ் போன்ற கெட்டிப் பொருளில் இருக்கட்டும். டிரிகர் முழுதாக மூடியிருக்க வேண்டும். தோட்டா இல்லாத துப்பாக்கியை அதில் செருகித் தலைகீழாகக் குலுக்கினாலும் விழக்கூடாது. துப்பாக்கியை உருவிய பிறகும் அதன் வாய் திறந்தே நிற்க வேண்டும். தேய்ந்து துவண்ட தோல் உறையின் விளிம்பு உள்ளே மடிந்து டிரிகரை அழுத்தக்கூடும்.

புதியவர்கள் எல்லோரும் வேகமாக உருவிப் பழக ஆசைப்படுகிறார்கள். திரும்பச் செருகும் நேரம்தான் ஆபத்தானது. அதில் அவசரத்துக்கு இடமே இல்லை. சுட வேண்டிய தேவை முடிந்த பிறகுதானே செருகுகிறாய்? விரலை டிரிகருக்கு வெளியே, துப்பாக்கிச் சட்டத்தின் பக்கவாட்டில் நீட்டி வை. சட்டையை மறு கையால் நன்றாக ஒதுக்கு. ஹோல்ஸ்டரின் வாயைக் குனிந்து பார். மெதுவாக இறக்கு. எங்காவது தடுத்தால் அழுத்தாதே. வெளியே எடுத்து ஏனென்று பார்.

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை மட்டும் உருவி எடுக்காமல், ஹோல்ஸ்டரோடு கழற்றி அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டு. மறுநாள் ஹோல்ஸ்டரோடே எடுத்து மாட்டிக்கொள். தொடுவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. தினமும் தோட்டாவை எடுப்பதும் போடுவதுமாக இருந்தால், ஒரே தோட்டா திரும்பத் திரும்ப, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் ஏறி இறங்கி, அதன் முனை கூட்டுக்குள் அமுங்கிவிடலாம். அப்படி அமுங்கியதைச் சுட்டால் அழுத்தம் அபாயகரமாக உயரும். சுத்தம் செய்யவோ பயிற்சிக்கோ காலி செய்தே ஆக வேண்டிய நாளில் வரிசை மாறக்கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து முதலில் தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்று. அதன்பின் மேல்பக்கத்து ஸ்லைடை இழுத்து சேம்பரில் இருப்பதை வெளியே தள்ளு. கண்ணாலும் பார், சிறுவிரலாலும் தடவிப் பார். வரிசை மாறி முதலில் ஸ்லைடை இழுத்தால், ஒன்று வெளியே வந்து மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். காலியாகிவிட்டது என்று நினைத்து நிறைந்த துப்பாக்கியின் டிரிகரை அழுத்தியவர்கள் எத்தனையோ பேர்.

சேம்பரில் தோட்டா வைத்துச் சுமப்பதா, மேகசினில் மட்டும் வைப்பதா என்று நீ கட்டாயம் கேட்பாய். பயிற்சியாளர்கள் பெரும்பாலும் சேம்பரில் வைக்கச் சொல்வார்கள். தாக்குதல் நேரத்தில் ஸ்லைடை இழுக்க இரண்டாவது கை கிடைக்காமல் போகலாம் என்பது அவர்கள் வாதம், அது சரியானதும்கூட. ஆனாலும் முதல் நாளே அப்படிச் செய்யாதே. சில வாரம் தோட்டாவே இல்லாமல், ஸ்லைடை இழுத்து விசையேற்றி, ஹோல்ஸ்டரில் மாட்டி வீட்டுக்குள் நடமாடு. குனி, உட்கார், படியேறு, காரில் ஏறி இறங்கு. கிளாக் போன்ற பிஸ்டலில் விசை விடுபட்டிருந்தால் டிரிகர் பின்னால் போய் நிற்கும். இரவு பார்க்கும்போது டிரிகர் ஒவ்வொரு நாளும் முன்னாலேயே இருந்தால், உன் ஹோல்ஸ்டர் மேல் உனக்கே நம்பிக்கை வரும்.

கைப்பையில் வைத்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துத்தான் இந்தக் கடிதத்தை உடனே எழுத உட்கார்ந்தேன். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்து ஹேடன் என்ற ஊரில், வால்மார்ட் கடைக்குக் குழந்தையோடு போன இளம் தாயின் பையில் பிஸ்டல் இருந்தது. துப்பாக்கி வைப்பதற்கென்றே ஜிப் வைத்துத் தைத்த பை அது. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த 2 வயது மகன் ஜிப்பைத் திறந்து எடுத்தான். வெடித்தது. தாய் அங்கேயே இறந்தாள். அவள் பயிற்சி இல்லாதவள் அல்ல, உரிமம் பெற்றவள்தான். பையைக் கீழே வைக்கிறோம், நாற்காலியில் மாட்டுகிறோம், ஒரு கணம் திரும்பிக்கொள்கிறோம். உன் அக்கா மகனுக்கும் இப்போது அதே வயது. நீ வீட்டுக்குள் நுழைந்ததும் சாக்லெட் தேடி முதலில் உன் பையைத்தான் துழாவுகிறான். இடுப்பில் மாட்ட வசதியில்லாத உடை போடும் நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பெட்டி சிறியதாக இருந்தால் போதும். ஆனால் கட்டில் சட்டத்திலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் திருடன் பெட்டியோடு தூக்கிப் போவான். பேட்டரி வேண்டாத பொத்தான் பூட்டே என் விருப்பம். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு திறந்து பழகு. கைரேகைப் பெட்டி வாங்கினால், உன் விரல் தவிர வேறு விரலுக்குத் திறக்கிறதா என்று வீட்டில் எல்லோர் விரலையும் வைத்துச் சோதி. 2023 அக்டோபரில் ஒரு நிறுவனம் சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. பதிவு செய்யாத விரலுக்கும் அவை திறந்தன. ஒரு 12 வயதுச் சிறுவன் இறந்த பிறகே அது நடந்தது.

துப்பாக்கியைப் பூட்டுவது, தோட்டா இல்லாமல் வைப்பது, தோட்டாவையும் பூட்டுவது, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைப்பது ஆகிய நான்கையும் 2005-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வு தனித்தனியே பார்த்தது. ஒவ்வொன்றுமே பிள்ளைகளுக்கு நேரும் ஆபத்து குறைவாக இருப்பதோடு சேர்ந்து காணப்பட்டது. தற்காப்புக்கு நிரப்பி வைக்கும் துப்பாக்கியில் நான்கையும் கடைப்பிடிக்க முடியாது. பூட்டு ஒன்றுதான் மிஞ்சுகிறது, அதில் ஒரு நாளும் தளரக்கூடாது. ஊருக்குப் போகும்போது நான்கையும் செய்துவிட்டுப் போ. தீபாவளிக்கு வீடு நிறையப் பிள்ளைகள் வந்து படுக்கையறையில் ஓடியாடும் நாளில் பெட்டியை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார். தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விடுவது, 17 வயதுக்குக் கீழான பிள்ளையின் கைக்கு அது கிடைத்துவிட்டால், டெக்சாஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நீ செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

காரில் விட்டுவிட்டுப் போகாதே. காரிலிருந்துதான் ஏராளமான துப்பாக்கிகள் திருடுபோய்த் தெருவுக்கு வருகின்றன. விமான நிலையம் போகும் நாளில் பையை முதல் நாள் இரவே கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிட்டு அடுக்கு. 2023-இல் விமான நிலையச் சோதனைகளில் பிடிபட்டவை 6,737 துப்பாக்கிகள், அவற்றில் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. அட்லாண்டாவுக்கு அடுத்த இடங்களில் நம் டாலஸும் ஹூஸ்டனும்தான் இருந்தன. பொதுக் கழிப்பறையில் அலமாரித் தட்டிலோ கொக்கியிலோ வைக்காதே, ஹோல்ஸ்டரிலேயே இருக்கட்டும். போலீஸ் காரை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங்மேல் இருக்க, துப்பாக்கி இருப்பதை வாயால் சொல்லு. அவர் சொல்லும்வரை எதையும் தொடாதே.

ஜெஃப் கூப்பர் என்ற மரைன் அதிகாரி 1976-இல் அரிசோனாவில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவர் வகுத்த நான்கு விதிகளைத்தான் இன்றும் எங்கும் கற்றுத் தருகிறார்கள். எல்லாத் துப்பாக்கியும் நிரம்பியதே என்று நினை. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலைத் திருப்பாதே. குறி சேரும்வரை டிரிகரில் விரல் வைக்காதே. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். நான்காவது விதி அமெரிக்க வீடுகளில் உயிர்போகும் விஷயம். உன் அறைக்கும் குழந்தை தூங்கும் அறைக்கும் நடுவே இருப்பது செங்கல் சுவர் அல்ல, ஜிப்சம் பலகை. 9 மி.மீ. தோட்டா அதுபோன்ற சுவர்கள் பலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். எந்தப் பக்கம் ஒருபோதும் சுட மாட்டேன் என்பதை இன்றே பகல் வெளிச்சத்தில் நின்று முடிவு செய்.

கடைசியாக ஒன்று. நீ சங்கடப்படலாம், ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். மற்ற வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலானோர் பிழைத்துவிடுகிறார்கள். துப்பாக்கியில் சுமார் பத்தில் ஒருவர்தான் பிழைக்கிறார். 2009-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே கடையில், ஒரே வாரத்துக்குள், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்திலேயே தற்கொலை செய்துகொண்டார்கள். அதன் பிறகு அந்த மாநிலத்துக் கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் கைகோத்து, மனம் உடைந்திருப்பவரின் துப்பாக்கியைக் கொஞ்ச காலம் வேறொருவர் தன்னிடம் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பரப்பினார்கள்.

இரவு வேலை, தூக்கமின்மை, வீட்டை விட்டு இவ்வளவு தூரம். யாருக்கும் ஒரு கெட்ட மாதம் வரலாம். உனக்கோ வீட்டில் வேறு யாருக்குமோ அப்படி வந்தால் 988 என்ற உதவி எண்ணை அழை, எந்த நேரமும் ஆட்கள் இருப்பார்கள். என்னையும் கூப்பிடு. நடுராத்திரி ஆனாலும் ஹூஸ்டனிலிருந்து வந்து, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், துப்பாக்கியை எடுத்துப் போய் என் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்கிறேன். நீ கேட்கும் நாளில் திருப்பித் தருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா