கருவில் உயிருண்மை

ஈராண்டுகளுக்கு முன்னர், எம்மிடம் சிவஞான சித்தியார் பாடங்கேட்ட அன்பர் ஒருவர் ஒருநாள் மாலை வந்தனர். தம் மகள் ஐந்து திங்கட் கருவுற்றிருத்தலையும், ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர் குழவிக்கு மூளையும் மண்டையோடும் அமையவில்லை, பிறப்பினும் உயிர் தரியாது என்று கூறியதையும், கருவை நீக்கிக்கொள்ளச் சட்டம் இடந்தருதலையும் எடுத்துரைத்து, "ஐயா, அதனுள் உயிர் வந்துவிட்டதா?" என்று வினவினர். ஏழாந் திங்களிலேயே கரு சீவனோடு கூடும் என்று கர்ப்போபநிடதம் கூறுதலை நினைந்து, "இன்னும் வரவில்லை, கவலற்க" என்று விடை கூறினோம். அவர் தெளிந்து சென்றனர். யாம் தெளிந்திலம். அவ்விடை இரக்கத்தாற் பிறந்ததேயன்றி நூலாராய்ச்சியாற் பிறந்ததன்று. அதனை ஆராய்ந்து திருத்துதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வன்பரது வினா இக்காலத்து நீதிமன்றங்களிலும் வேறு சொற்களால் நிகழ்கின்றது. அமெரிக்க நாட்டு உச்ச நீதிமன்றம் 1973-ஆம் ஆண்டு ரோ வழக்கில், தாய்வயிற்றின் புறத்தே தனித்து உய்யும் ஆற்றலைக் கரு எய்தும் நிலையை ஓர் எல்லையாக வகுத்தது. அவ்வெல்லைக்கு முன்னர்க் கருவைக் காக்கும் பொருட்டு அரசு கருநீக்கத்தைத் தடுத்தலாகாது; பின்னர்த் தாயின் உயிரும் உடல்நலமும் காக்கவேண்டிய இடமொழியத் தடுக்கலாம் என்பது அத்தீர்ப்பு. அவ்வாற்றல் பெரும்பாலும் 28 வாரத்தில் அமையும், 24 வாரத்திலும் அமைதல் கூடும் என்று அன்று கூறப்பட்டது. 1992-ஆம் ஆண்டு கேசி வழக்கில், அவ்வெல்லை 23 அல்லது 24 வாரத்திற்கு முற்பட்டு வந்தமை ஒப்புக்கொள்ளப்பட்டும் அளவுகோல் மாற்றப்படவில்லை. 2022-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் டாப்ஸ் வழக்கில் அவ்விரு தீர்ப்புகளும் நீக்கப்பட்டு, இப்பொருள் மாநிலங்களின் சட்டமன்றங்களிடம் விடப்பட்டது.

முப்பது ஆண்டுக்குள் எல்லை பெயர்ந்தமைக்குக் காரணம் என்னையெனின், கருவின் இயல்பு மாறினமையன்று. மருந்தும் கருவியும் மாறினமையேயாம். நுரையீரலின் நுண்ணறைகள் ஒன்றோடொன்று ஒட்டி மடியாதபடி காக்கும் ஒரு வழவழப்புப் பொருள் கருவிற் போதிய அளவு சுரத்தற்கு முன்னர்ப் பிறந்த குழவி மூச்சுவிடலாற்றாது மாய்வதே பண்டை வழக்கு. தாய்க்கு ஊசி மருந்திட்டுக் குழவியின் நுரையீரலை முதிர்விக்கும் முறை 1972-இலும், அவ்வழவழப்புப் பொருளையே குழவியின் மூச்சுக்குழலிற் செலுத்தும் முறை 1980-இலும் வெளிவந்தன. 2020-ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தில் 21 வாரமும் 1 நாளும் நிரம்பிப் பிறந்த குழவியொன்று பிழைத்தது. அத்தகைய குழவி கருவிகளில்லாத சிற்றூரிற் பிறக்கின் பிழையாது. உயிர் உண்மையும் இன்மையும் ஊருக்கு ஊர் வேறுபடுமோ? ஆகலின் இவ்வளவுகோல் மருத்துவசாலையின் வன்மையை அளப்பதேயன்றி உயிரை அளப்பதன்று.

நம் நாட்டுச் சட்டம் வேறு வழிச் சென்றது. 1860-ஆம் ஆண்டுத் தண்டச் சட்டம், கருவின் அசைவைத் தாய் உணர்ந்த பின்னர்ச் செய்யும் கருச்சிதைவுக்கு மிகுந்த தண்டம் விதித்தது. தாயின் உயிர்காக்க நன்னோக்கத்தோடு செய்வதனை அன்றே விலக்கியும் வைத்தது. 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமும், அதனைத் திருத்திய 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் வாரக்கணக்கையே கொண்டன. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்தும், குறித்த சில வகையினர்க்கு 24 வாரம் வரை இருவர் கருத்தும் வேண்டும். அதன்பின், பெருங்குறைபாடு உண்டென்று மருத்துவக் குழு கண்டவிடத்தும் தாயின் உயிர்காக்க உடனே வேண்டப்படுமிடத்துமே இசைவு.

ஆயினும் புறத்து உய்யும் ஆற்றல் என்னும் வினா இங்கும் புகாதிருக்கவில்லை. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில், இரு மக்களையுடைய தாயொருத்தி, மகப்பேற்றுக்குப் பின் வந்த மனநோயால் வருந்தியவள், 26 வாரக் கருவை நீக்க உச்ச நீதிமன்றத்தை அடைந்தாள். 9-ஆம் நாள் இரு நீதிபதியரும் இசைவளித்தனர். குழவி உயிரோடு பிறக்கக் கூடுமென்றும், அதன் நெஞ்சத் துடிப்பை முன்னரே நிறுத்துவதோ என்றும் மறுநாள் மருத்துவர் ஒருவர் எழுதிக் கேட்க, 11-ஆம் நாள் அவ்விருவரும் கருத்து வேறுபட்டனர். மூவர் அமர்ந்து ஆய்ந்து 16-ஆம் நாள் இசைவு மறுத்தனர். கருவிற் குறையில்லை, தாயின் உயிர்க்கு உடனடி இடரில்லை என்பன காரணங்கள். நெஞ்சத்தை நிறுத்துவதோ என்ற அவ்வினாவைப் படித்த நாள் எமக்கு உறக்கமில்லை.

இனி நூல்வழி நோக்குவாம். சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரம் உயிருண்மை நாட்டுமிடத்து, உறக்கத்தில் மூச்சு இயங்கவும் நுகர்ச்சியும் செயலும் நிகழாமையைக் காட்டி, மூச்சே உயிரென்பாரை மறுக்கின்றது. மூச்சு உளதாகவும் அறிவு தொழிற்படாமை கூடுமெனின், மூச்சு இலதாகவும் உயிர் உளதாதல் கூடுமோ? கூடும் என்பதனை நான்காஞ் சூத்திரத்து அவத்தைகளால் அறிக. நனவிற் கருவிகள் 35, கனவில் 25, உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2, உயிர்ப்படக்கத்தில் ஒன்று. பேருறக்கத்தில் உயிர்க்குத் துணைநின்ற பிராணனும் நீங்க, மூலாதாரத்திற் புருடன் மாத்திரையாய் நிற்பது உயிர்ப்படக்கம். அந்நிலைக்கு நம்மாசிரியர் இட்ட பெயரே நம் ஐயத்திற்கு விடையாகின்றது. உயிர்ப்பு அடங்கியவழி உயிர் இலதாயிற்றென்று கூறினாரல்லர். நுரையீரல் முதிராமையால் உயிரின்மை சாதிப்பார்க்கு இஃதொன்றே மறுப்பாதல் அமையும்.

திருவாசகத்துப் போற்றித் திருவகவலும் இதற்குச் சான்று. ஆண்டு அடிகள் மாதா வயிற்றுட் புழுக்களின் போரினின்று பிழைத்தது தொடங்கி, முதல் திங்கள் முதலாக ஒவ்வொரு திங்களுக்கும் ஒவ்வோர் இடர் கூறி, அதனின்றும் பிழைத்தமை கூறிச் செல்கின்றார். பிழைத்தவன் ஒருவனே. ஏழாந் திங்களிற் பிழைத்தவன் வேறு, இரண்டாந் திங்களிற் பிழைத்தவன் வேறு அல்லன். எந்தத் திங்களையும் எல்லையாக்கி, இதற்கு முன் யாருமில்லை என்று அடிகள் கூறவில்லை.

அற்றேல், கர்ப்போபநிடதம் ஏழாந் திங்கள் என்றது என்னையெனின், அஃது உயிரின் வரவைக் கூறியதன்று, விளக்கத்தைக் கூறியது எனக் கோடலே சித்தாந்தத்தோடு பொருந்தும். சடமாகிய சுக்கில சோணிதம் தானே உறுப்பாய் வளராது. உயிரின் வினைக்கீடாக இறைவன் ஆணை கூட்டவே வளரும். வளர்ச்சி முதனாளே தொடங்குதலின் உயிரும் முதனாளே உண்டு. பூதவுடல் விட்ட உயிர் சூக்கும உடலோடு கருப்புகுமெனச் சித்தியார் கூறுவதும் இக்கருத்தினாலேயாம். எம் பிழை, விளக்கத்தை வரவென்று கொண்டது.

இன்னுமொன்று. தனித்து நிற்கலாற்றாதது தனிப்பொருளன்று என்னும் எண்ணம் புறத்து உய்யும் ஆற்றல் என்னும் அளவுகோலின் அடியிற் கிடக்கின்றது. இது சைவர்க்கு ஒருபோதும் உடம்பாடாகாது. உயிர் எஞ்ஞான்றும் தனித்து நிற்பதன்று; கட்டு நிலையில் மலத்தையும் வீட்டு நிலையிற் சிவத்தையும் சார்ந்தே நிற்பது. சார்பு இன்மைக்கு ஏதுவாயின் முத்தான்மாவும் இலதாய் முடியும்.

இவ்வளவிற்கொண்டு, உயிர் முதனாளே உண்டாகலின் அரசு எல்லாக் கருநீக்கத்தையும் தண்டிக்கக் கடவது என்று ஒருவர் கூறின், அதனையும் யாம் உடன்படோம். தாயும் ஓருயிரே. உடம்பு இறைவன் தந்தது, நம்முடையதன்று என்பது உண்மையே. அரசினுடையதும் அன்று என்பதை அங்ஙனம் வாதிப்பார் மறந்துவிடுகின்றனர். உயிருண்மை கூறும் சூத்திரத்தினின்று தண்டச் சட்டம் ஒன்றைப் பிழிந்தெடுத்தல் ஆகாது. வாரக்கணக்கைச் சட்டமியற்றுவோர் வழக்குக்காக வகுப்பாராக; அதற்கு முன் உயிரில்லை என்று மாத்திரம் சொல்லற்க.

ஆக்கம், இழப்பு, இன்பம், நோய், முதுமை, இறப்பு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன என்று சித்தியார் கூறலின், இறப்பும் ஊழாயிற்று, நீக்குவோர்க்குக் குற்றமென்னை என்று வினவுவாரும் உளர். நுகர்விக்கும் ஊழ் வேறு, அதற்குக் கருவியாய் நின்றவர் ஈட்டும் ஆகாமியம் வேறு. எனவே குற்றமுண்டோ இன்றோ என்பதனை, அந்நூல் கூறும் இதம் அகிதம் என்னும் அளவினாலேயே காணல்வேண்டும். உயிர்க்கு உறுதி செய்தல் இதம்; அது மனம், வாக்கு, காயம் மூன்றானும் நிகழ்வது. அன்பர் எம்மிடம் கேட்டிருக்கவேண்டியதும் யாம் அவர்க்குக் காட்டியிருக்கவேண்டியதும் இதுவே: உயிர் உண்டோ என்பதன்று, உண்டென்று கொண்ட இவ்விரண்டுயிர்க்கும் உறுதி யாது என்பது. தலையோடமையாது சின்னாழிகையில் நீங்கவிருக்கும் உயிர்க்கும், அதனை இன்னும் நான்கு திங்கள் சுமந்து ஈன்று இழக்கவிருக்கும் தாய்க்கும் உறுதி இன்னதென்று துணிதல் அத்தாய்க்கே உரித்து. அவள் உயிரில்லையென்று நம்பித் துணிந்தனளாயின், அது யாம் வாக்கினாற் செய்த அகிதம்.

சென்ற திங்கள் அவ்வன்பரைக் கண்டு இவற்றையெல்லாம் கூறி, எம் விடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின், கரு நீங்கிய பொழுது தம் வீட்டில் ஐந்து இரவு ஆசௌசம் காத்தமையைக் கூறினர். கருச்சிதைவில் திங்களுக்கு ஓரிரவாகக் காக்கவேண்டுமென்பது மிருதி விதி. யார் சொல்லிக் காத்தீர்கள் என்றோம். யாரும் சொல்லவில்லை, மகள் தானே எண்ணிக் காத்தாள் என்றனர்.