ஒரே ஸ்கிரிப்ட், இரண்டு வாசிப்பு

"என்ர கொம்பியூட்டரில சரியா ஓடுது, ரிமோட்டில மட்டும் பிழையா வருது." எபிசோட்டில பேசின இந்தச் சிக்கலை ஒரு உதாரணத்தோட பார்ப்பம்.

டோர்செட் பார்க்கில நான் கொன்ட்ராக்டில பார்க்கிற ஒரு சின்ன அலுவலகம். அங்க ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் ஒரு தமிழ்ப் பெயர்ப் பட்டியல் இருக்கு. என்ர லப்டொப்பில இருந்து இன்வோக்-கமாண்ட் மூலம் ஒரே பவர்ஷெல் ஸ்கிரிப்டை எல்லாத்துக்கும் அனுப்பினன். சிலதில பெயர்கள் சரி. சிலதில வெறும் குப்பைக் குறிகள். எரர் ஒண்டும் வரேல்லை. கவனிக்காட்டி அந்தக் குப்பைதான் ஒரு அம்மம்மாவுக்குப் போற கடிதத்தில பெயராகும்.

காரணம் இரண்டு.

முதலாவது, வெர்ஷன். உங்களிட்ட பவர்ஷெல் 7 இருந்தாலும், இன்வோக்-கமாண்ட் மறுபக்கத்தில வழமையா விண்டோஸோட வாற 5.1ஐத்தான் திறக்கும். 7 கோப்பை யூடிஎஃப்-8 எண்டு எடுத்து வாசிக்கும். 5.1இன் கெட்-கன்டென்ட் அப்பிடி இல்லை. கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற அடையாளம் இல்லாட்டி, அந்த மெஷினின் பழைய ஆன்சி முறையில் வாசிக்கும். யூடிஎஃப்-8இல் 'அ' மூன்று பைட். அது மூன்று தனிக் குறியா உடையும்.

இரண்டாவது, கோப்பு. பழைய நோட்பேட் யூடிஎஃப்-8 கோப்புக்கு பிஓஎம் போடும். 2019இல் வந்த விண்டோஸ் 10 1903 தொடக்கம் தானாகப் போடாது.

தீர்வு: முதல்ல ஒவ்வொரு மெஷினிலும் பிஎஸ்வெர்ஷன்டேபிளைப் பாருங்கோ. பிறகு கெட்-கன்டென்டோட 'என்கோடிங் யூடிஎஃப்8' எண்டு வெளிப்படையா எழுதுங்கோ. இரண்டு வெர்ஷனிலும் வேலை செய்யும்.

ஆங்கிலப் பெயரால சோதிச்சால் இந்தப் பிழை தெரியாது, ஏனெண்டால் ஆங்கில எழுத்துகள் இரண்டு முறையிலும் ஒன்றுதான். அதால உங்கட பெயரைத் தமிழில எழுதிச் சோதியுங்கோ.