எஞ்சினிடம் கேட்டு எழுது

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அழுத்த விகிதம் மாறும் கார் எஞ்சினைக் கணினியில் ஓடவைப்பதை இறுதியாண்டு புராஜெக்டாக எடுக்கலாமா, காட்டுப்பள்ளிப் பையனுக்கு அதில் எதிர்காலம் உண்டா என்று கேட்டிருக்கிறாய். தயங்காமல் எடு. ஒரே நிபந்தனை: மாதிரிக்குள் நீ போடும் எண்களை நிஜ எஞ்சினிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இந்த எஞ்சின் எதற்கு என்பதில் முதலில் தெளிவு வேண்டும். சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு வேலையை எரிபொருளிலிருந்து வாங்கலாம். பாடப்புத்தகத்து ஆட்டோ சுழற்சிக் கணக்கில் விகிதம் 8 என்றால் திறன் 56 சதவீதம், 14 என்றால் 65. நிஜத்தில் இரண்டும் வெகுவாகக் குறையும், ஆனால் ஏறுமுகம் மாறாது. பிறகு ஏன் எப்போதும் 14-லேயே ஓட்டக் கூடாது? டர்போ காற்றைத் திணிக்கும்போது கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டும், பிஸ்டன் சேதமாகும். அதனால்தான் பாரம் குறைந்தால் உயர்ந்த விகிதம், இழுவை கூடினால் தாழ்ந்த விகிதம்.

இது நூறாண்டு ஆசை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஆங்கிலேயப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ விகிதம் மாறும் சோதனை எஞ்சினைக் கட்டி, தட்டலுக்கும் எரிபொருளின் குணத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். இன்றும் பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை அளப்பது விகிதம் மாற்றக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்தான். உன் ஊருக்குப் பக்கத்தில் மணலியில் சுத்திகரித்து வரும் பெட்ரோலின் தரத்தைச் சொல்வதும் அந்த எண்தான். 2000-இல் சாப் நிறுவனம் சிலிண்டர் பகுதியையே சாய்க்கும் எஞ்சினை ஜெனீவாவில் காட்டியது; அது விற்பனைக்கு வரவில்லை. பல இணைப்புத் தண்டுகள் கொண்டு 8-க்கும் 14-க்கும் இடையே மாறும் நிசான் எஞ்சின்தான் 2018-இல் இன்ஃபினிட்டி காரில் சந்தைக்கு வந்தது. அந்தக் குடும்பத்தின் ஒன்றரை லிட்டர் எஞ்சினோடு நிசானின் எக்ஸ்-டிரெயில் கார் 2024-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

இனி உன் வேலை. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடினால் கிராங்க் ஒரு பாகை நகர 28 மைக்ரோ செகண்டுக்கும் குறைவாகவே ஆகும். ரியல் டைம் சோதனையில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் நிஜமான ஈசியு கணினியை உன் மாதிரியோடு இணைப்பார்கள். எதிரில் எஞ்சின் இல்லை என்பது ஈசியுவுக்குத் தெரியக் கூடாது. கிராங்க் சிக்னல் முதல் தட்டலை உணரும் நாக் சென்சாரின் சிக்னல் வரை எல்லாம் உரிய கணத்தில் போய்ச் சேர வேண்டும். தீ பரவுவதை முப்பரிமாணத்தில் கணக்கிடும் மென்பொருள் ஒரு சுழற்சிக்கே மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆகவே எதை விடலாம், எதை விடக் கூடாது என்று தீர்மானிப்பதுதான் இதில் திறமை. எரிதலை, எரிந்த பங்கைக் கிராங்க் கோணத்தோடு சொல்லும் வீபே சமன்பாட்டின் ஒற்றை வளைகோடாகச் சுருக்கு. ஆனால் விகிதம் மாறினால் அதன் எண்களும் மாறும் என்பதை மறக்காதே. விகிதத்தை மாற்றும் மோட்டாரின் தாமதத்தை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதே. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டர்போ அழுத்தம் ஏறும். விகிதம் இறங்கப் பல சுழற்சிகள் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் எஞ்சின் தட்டும்.

உன் கல்லூரி ஆய்வகத்தில் விசிஆர், அதாவது விகிதம் மாற்றக்கூடிய எஞ்சின் இருக்கிறதா பார். கிர்லோஸ்கர் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினை மாற்றியமைத்த சோதனை ரிக் பல கல்லூரிகளில் உண்டு. அதில் சிலிண்டர் பிளாக்கைச் சாய்த்து, எஞ்சினை நிறுத்தாமலேயே விகிதத்தை 12 முதல் 18 வரை மாற்றலாம். நீ எழுதப்போவது பெட்ரோல் எஞ்சின் என்றாலும் முறையை இங்கேயே பழகு. சிலிண்டர் அழுத்தத்தைக் கிராங்க் கோணத்தோடு பதிவு செய். எரிதல் தொடங்குமுன் உள்ள பகுதியை முதலில் பொருத்து. அதுவே பொருந்தாவிட்டால் எரிதலில் கை வைக்காதே. 14-லும் 18-லும் மாதிரியைச் சரிசெய்த பிறகு, 16-இல் என்ன நடக்கும் என்பதை அதையே சொல்லவிட்டு, பிறகு அளந்து பார். தப்பினால் எவ்வளவு தப்பியது என்று அறிக்கையில் எழுது. மதிப்பெண் குறையும் என்று மறைக்காதே.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? இருபது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து உருவாக்கிய நிசான் எஞ்சினிலேயே பேரிங் பழுதாகலாம் என்று 2025-இல் அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். உற்பத்தியில் நேரும் குறையைச் சமன்பாடு தானாகச் சொல்லாது. உன் மாதிரி எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதைச் சொல்லும் நேர்மை உனக்கு வேண்டும்.

எதிர்காலம் பற்றிக் கேட்டாயே. எண்ணூரில் அசோக் லேலண்ட், ஒரகடத்தில் கார் ஆலைகள், மகிந்திரா சிட்டியில் ரெனோ நிசான் தொழில்நுட்ப மையம் எல்லாம் உனக்கு எட்டும் தூரம்தான். காட்டுப்பள்ளியில் நீ பார்க்கும் கப்பல்களின் உலகத்துக்கும் இது வந்துவிட்டது. பெரிய இரட்டை எரிபொருள் கப்பல் எஞ்சின்களுக்கு வின்ஜிடி நிறுவனம் விகிதம் மாறும் நுட்பத்தைக் கொண்டுவந்திருக்கிறது. மின்வண்டிக் காலத்திலும் இந்தப் படிப்பு வீணாகாது. பேட்டரியையும் மோட்டாரையும் இயக்கும் கன்ட்ரோலர்களை இதே முறையில்தான் சோதிக்கிறார்கள்.

ஆகவே, தம்பி, லேப்டாப்பைத் திறக்குமுன் ஆய்வகத்துக்குப் போ. எஞ்சினை ஓட்டத் தெரிந்த டெக்னீஷியனிடம் பணிவோடு கேள். முதல் அழுத்த வரைபடம் கிடைத்ததும் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்