கொடுத்தாச்சா, குடிச்சாச்சா?

அன்புள்ள கண்ணு,

தாம்பரம் பக்கத்து அங்கன்வாடிகளுக்குச் செவிலியரோடு துணைக்குப் போகிறாயாமே, உன் அம்மா சொன்னாள். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. போவதற்கு முன்னால் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பல்லாவரம் கல்குவாரிப் பக்கம் ஒரு குடியிருப்பு. குடற்புழு மாத்திரையைத் தாய்மார் கையில் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் டிக் அடித்துக்கொண்டே போனேன். அடுத்த வாரம் ஒரு வீட்டில் சாமி மாடத்தில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், அதே மாத்திரை காகிதம் பிரிக்காமல் இருந்தது. "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா குடுக்கலாம்னு வெச்சிருக்கேன்" என்றாள் அந்தத் தாய். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான் எதையுமே விளக்கவில்லையே. என் பதிவேட்டில் 'கொடுத்தாச்சு'. குழந்தை வயிற்றுக்குள் போகவில்லை.

அதனால் உன் கண்முன்னால் விழுங்க வை. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் என்றால் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் குடற்புழு மாத்திரையில் பாதி போதும். இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, தண்ணீரில் கரைத்துக் கொடு. அழுகிற பிள்ளைக்கு மூக்கைப் பிடித்து ஊற்றவே கூடாது, புரை ஏறிவிடும். அழுகை அடங்கட்டும், காத்திரு.

வைட்டமின் ஏ-யைப் பற்றி நம் மண்ணிலேயே நடந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் திருச்சிப் பகுதியில் 15,000-க்கும் அதிகமான சிறு குழந்தைகளிடம் நடத்தியது, 1990-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வாராவாரம் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். ஓராண்டில் அந்தப் பிள்ளைகளிடையே இறப்பு மற்ற பிரிவில் இருந்ததில் பாதிகூட இல்லை. மருந்தின் மகிமை அது. ஆனால் வாரம் தவறாமல் வீடு வீடாகப் போன சுகாதாரத் தன்னார்வலர்களின் கால்களையும் நான் நினைத்துக்கொள்வேன்.

இப்போது வாராவாரம் தேவையில்லை. வைட்டமின் ஏ ஈரலில் சேர்ந்து நிற்கும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். ஒன்பதாம் மாதத்தில் 1 மில்லி, அதாவது 1 லட்சம் யூனிட். பிறகு ஐந்து வயது வரை ஒவ்வொரு முறையும் 2 மில்லி. சேர்ந்து நிற்பதாலேயே இரட்டிப்பாகக் கொடுத்தால் ஆபத்து. பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் பாட்டிலைத் திறக்காதே. திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடு.

இரும்புச்சத்து சிரப்தான் நிறைய வீடுகளில் பாதியில் நின்றுபோகிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, வாரம் இரு முறை 1 மில்லி. வாரம் இரு முறை என்றால் மறப்பார்கள். செவ்வாய், வெள்ளி என்று சொல்லிப் பார், விளக்கேற்றும் நாள் மறக்காது. மலம் கறுப்பாகப் போகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடு. சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் பயந்துபோய்ப் பாட்டிலைத் தூக்கி வைத்துவிடுவார்கள். மருந்து கொடுத்த கையோடு டீ கொடுக்க வேண்டாம் என்றும் சொல். டீ இரும்பை உடம்பில் சேர விடாது. காய்ச்சலாக இருக்கும் பிள்ளைக்கும், மிக மெலிந்து சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கும் நீயாகக் கொடுக்காதே, செவிலியரைக் கேள்.

சத்துமாவு பாக்கெட் கொடுக்கும்போது வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேள். ஒரு குழந்தைக்கு வந்த மாவை நாலு பேர் பகிர்ந்துகொண்டால் அது தாயின் தப்பில்லை, பசி அப்படி. மற்ற பிள்ளைகளின் பெயரும் அங்கன்வாடிப் பதிவில் இருக்கிறதா என்று பார்.

முடிச்சூர் சாலையில் கட்டடம் எழும்பும் இடங்களுக்கு அவசியம் போ. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் தகரக் கொட்டகையில் இருப்பார்கள், பெயர் எந்தப் பதிவிலும் இருக்காது. பகலில் போகாதே, தாய் சித்தாள் வேலையில் இருப்பாள். மாலை ஆறுக்கு மேல், அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில் போ. மேஸ்திரிகளில் யாருக்காவது இரண்டு பாஷையும் தெரிந்திருக்கும், அவரைக் கூட்டிக்கொள். அட்டை இல்லாத பிள்ளைக்குப் புது அட்டை போட்டுத் தாய் கையிலேயே கொடு. அடுத்த மாதம் அவர்கள் ஒரகடத்தில் இருக்கலாம், அட்டையும் கூடப் போக வேண்டும்.

உன் அத்தை